அமாவாசையன்று அளந்த தெரு

அன்று காலை வந்திருந்தவர்கள்: நகர் ஊரமைப்பு அலுவலகத்து ஆய்வாளர், எங்கள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான டாக்டரம்மா, ஊராட்சித் தலைவர், அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான். வராதவர்கள்: அந்தத் தெருவில் குடியிருக்கிற நெசவாளர்கள். நாற்பது வீட்டில் ஒரு வீட்டு ஆள்கூட இல்லை.

அவர்கள் வராமல் போனது தற்செயல் இல்லை. அது என் ஏற்பாடு.

அன்றைக்கு அமாவாசை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டு நெசவு வீடுகளில் அமாவாசையன்று தறி ஓடாது. காலையிலேயே தலைக்குக் குளித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கோ மாமியார் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் விடியற்காலை அந்தத் தெருவுக்குள் சைக்கிள் நுழையாது. மூன்று சேலைக்கான பட்டு இழைகளைச் சேர்த்துப் பாவு என்பார்கள். அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்து, இரண்டு கோடியிலும் நட்டிருக்கிற கல் முளையில் கட்டி, ஆட்கள் இருபுறமும் நின்று இழை இழையாகப் பிரித்துக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த மூன்று மணி நேரம் தெரு, தெருவாக இருக்காது. கூரையில்லாத பட்டறையாக இருக்கும்.

அந்த அமாவாசைக் காலையில் தெரு கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி காலியாகக் கிடந்தது. ஆய்வாளர் சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்தார். "இருபத்து நாலு அடி. தாராளமா இருக்குது" என்றார். எங்களுக்குத் தேவை இருபத்து மூன்று. கோடியில் இருந்த முளையைக் காலால் தட்டிப் பார்த்து, "இது என்ன கல்?" என்று கேட்டார்.

"அது பழசு சார்" என்றேன்.

பொய் இல்லை. பழசுதான். தினம் பயன்படுகிற பழசு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அளவு முடிந்து அவர்கள் ஜீப்பில் ஏறியபோது எனக்கு நெஞ்சு அகலமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். அம்மா இதே ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருஷமாகத் தினக்கூலிக்கு மாட்டுக் கொட்டாய் கழுவுகிறாள். ஊரில் எங்களைக் கேட்டால் "மாட்டுப் பண்ணையில வேலை செய்யறவங்க வூடு" என்று கை காட்டுவார்கள். டிகிரி முடித்து, அதே பண்ணை அலுவலகத்தில் ஒப்பந்த உதவியாளனாக நான் சேர்ந்த முதல் நாள், அம்மா சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக என் நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தாள்.

அந்த நாற்காலிக்கு வந்த பெரிய ஃபைல் இதுதான். பண்ணையை விரிவாக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. மாடுகளுக்கு வருகிற மடிநோயை ஆராய ஒரு புது ஆய்வகம், நோய் வந்த மாடுகளைத் தனியாகக் கட்ட ஒரு கொட்டகை. கட்டடம் எழும்ப வேண்டுமானால் நிலத்தின் வகை மாற வேண்டும். வரைபடத்தில் எங்கள் பண்ணை பச்சையாக, விவசாய மண்டலமாக இருந்தது. பச்சையில் மாடு கட்டலாம். மூன்று மாடி ஆய்வகம் கட்ட முடியாது. அதை நிறுவன உபயோகம் என்று மாற்ற ஊராட்சித் தீர்மானம், செய்தித்தாளில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், தள ஆய்வு, பெரிய லாரி வந்துபோகிற அளவுக்கு ஒரு வழி. எல்லாம் மார்ச் முடிவதற்குள். முடியாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பணத்தோடு பண்ணையும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று டாக்டரம்மா வெளிப்படையாகவே சொன்னார்.

"மாடுங்க லாரியில போயிடும் தம்பி. நானும் மாறுதல் வாங்கிட்டுப் போயிடுவேன். உங்க அம்மாவும் அந்த இருபத்தியொரு பேரும்தான் எங்கேயும் போக முடியாது."

அம்மாவோடு சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். எல்லோரும் தினக்கூலி. பண்ணை போனால் மறுநாள் காலை அவர்களுக்குப் போக ஒரு இடம் இல்லை. சூளையில் வேலை குறைந்துவிட்டது. தறி அவர்களுக்குத் தெரியாது. இதுதான் என் ஃபைலுக்குள் இருந்தது. மேலே இருந்த தாள்களெல்லாம் இதற்குப் போட்ட உறை.

பழைய கிளார்க் மாறுதலாகிப் போனதால் ஃபைல் என்னிடம் வந்தது. ஐந்து மாதம் அதை வைத்துக்கொண்டு அலைந்தேன். வேளாண்மை அலுவலகத்தில் தடையின்மைச் சான்று, தாலுகா அலுவலகத்தில் புல எண் நகல். ஒரு மேசையில் இருந்தவர், "யாருபா நீ, புது புரோக்கரா?" என்று கேட்டார். "பண்ணை ஸ்டாஃப் சார்" என்றேன். ஸ்டாஃப் என்று சொல்லும்போது வாய் இனித்தது. ஆய்வுக்கு முன்னால் வழி ஒன்றுதான் பாக்கி. பண்ணையின் கேட் நெசவாளர் தெருவின் கோடியில் இருக்கிறது. தள ஆய்வுக்கு எந்த நாள் சௌகரியம் என்று அலுவலகத்திலிருந்து போனில் கேட்டபோது, காலண்டரைப் பார்த்தேன். அமாவாசையைச் சொன்னேன்.

டாக்டரம்மா தென்மாவட்டத்துக்காரர். நெசவுத் தெரு வழக்கம் அவருக்குத் தெரியாது. "அமாவாசைன்னா நல்ல நாள்தானே" என்று சந்தோஷப்பட்டார். நான் தலையாட்டினேன்.

மத்தியானம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கொட்டாய்க்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கூட்டாளி, எங்கள் தெரு அத்தை, வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தாள். நான் நாள் பார்த்த சாமர்த்தியத்தைக் கை கால் ஆட்டி விளக்கினேன்.

அத்தை சிரித்துவிட்டாள். "பலே ஆளுடா நீ. படிச்ச புத்தி."

அம்மா சிரிக்கவில்லை. வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"ஏண்டா, அவங்க யாருமே இல்லாத நாளா பார்த்தா தெருவ அளந்தீங்க?"

"அளவு அளவுதாம்மா. அமாவாசைக்கு செவுரு என்ன தள்ளியா போயிடும்?"

"அப்ப நாளைக்கு இந்தக் கொட்டாய நாங்க சோறு துன்ற நேரமா பார்த்து அளந்து, இங்க ஆளே இல்லன்னு எழுதிடுவ."

அத்தைக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் "மேடம் கூப்பிடுறாங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். மேடம் கூப்பிடவில்லை.

அறிவிப்பு இரண்டு செய்தித்தாளில் வந்தது. இன்ன ஊர், இன்ன புல எண்கள், இன்ன தெரு வழியாக இருபத்து நாலு அடி அணுகுசாலை, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். நான் அதை வெட்டி ஃபைலில் ஒட்டினேன். நம் எழுத்து அச்சில் வந்திருக்கிறதே என்று ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டேன். அறிவிப்பை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் பாவுக்கார அக்கா கேட்டுக்கு வந்து நின்றாள். தெருவில் யார் வீட்டுப் பாவு நீட்டுவதானாலும் ஆள் சேர்ப்பதும் முறை போடுவதும் அவள்தான். நாற்பது வயசிருக்கும். கையில் பஜ்ஜி எண்ணெய் ஊறிய செய்தித்தாள்.

"இன்னாபா, எங்க தெரு பேப்பர்ல வந்திருக்குது. பஜ்ஜி மடிச்சிக் குடுத்தான், பிரிச்சா எங்க தெரு. எங்கள கேக்காமலே எங்க தெருவ பெரிய ஆளாக்கிட்டீங்க."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் அக்கா."

"தெரு எத்தினி அடின்னு போட்டிருக்குது?"

"இருபத்து நாலு."

"காலையில ஆறு மணிக்கு எத்தினி அடி?"

நான் கேட் கம்பியில் இருந்த துருவைச் சுரண்டினேன்.

"சொல்லுபா. படிச்ச புள்ளதானே. பாவு இழுத்துக் கட்டி, இந்தப் பக்கம் நாலு பேரு அந்தப் பக்கம் நாலு பேரு நின்னா மிச்சம் எத்தினி அடி இருக்குது? செவுத்துல முதுக தேச்சிக்கினு ஒரு ஆளு போலாம். அதுவும் தொப்ப இருந்தா முடியாது. இதுல நீ லாரி ஓட்டப் போறியா?"

"லாரி ஒன்பது மணிக்கு மேலதான்..."

"எழுதியிருக்குதா, ஒம்போது மணிக்கு மேலன்னு?"

எழுதியிருக்கவில்லை. அணுகுசாலை என்று ஆகிவிட்டால் அதில் எந்த நேரத்திலும் எந்தத் தடங்கலும் இருக்கக் கூடாது என்று விதிதான் இருந்தது. முளைகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரியும். விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

"கிராம சபையில வந்து பேசிக்கிறோம்" என்று எண்ணெய்த் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

கிராம சபை பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு. பாவு முடிந்த நேரம். அதனால் தெரு முழுக்க வந்திருந்தது. ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் எங்கள் இருபத்திரண்டு பெண்கள், வேலையிலிருந்து நேராக, முட்டி வரை ஈரப் புடவையோடு. நடுவில் மேசை போட்டு ஊராட்சித் தலைவரும் டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபைலோடு பின்னால் நின்றேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மடிநோய் என்றால் என்ன, ஒரு மாடு வைத்திருக்கிற வீட்டை அது எப்படிக் கவிழ்க்கும், ஆய்வகம் வந்தால் பால் மாதிரியைச் சென்னைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் கேட்டார்கள். நெசவாளர் பக்கத்தில் ஒருவர், "மாட்டுக்கு ஆஸ்பத்திரி வர்றது நல்லதுதாம்மா, நாங்க இன்னா வேணாம்னா சொன்னோம்" என்றார்.

பாவுக்கார அக்கா எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க தெருவ எப்ப அளந்தீங்க? எங்க ஆளு ஒருத்தர்கூட பாக்கலியே."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தேதி ஃபைல்ல இருக்குது. தம்பி, சொல்லுங்க."

ஃபைலைத் திறந்தேன். வெறும் தேதியைச் சொல்லியிருக்கலாம். தேதியைக் கேட்டு அந்தக் கூட்டத்தில் யார் உடனே திதி எண்ணப்போகிறார்கள். சாயந்திரம் அளந்தார்கள், நீங்கள் கடைக்குப் போயிருப்பீர்கள் என்று சொல்லியிருந்தாலும் போயிருக்கும். தலைவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அம்மாவுக்கு வேலை நிற்கும். அம்மா எதிரே இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அந்த முகத்தில் இல்லை. மாடு கன்று போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"அமாவாசையன்னிக்கு காலையில" என்றேன். "தெரு காலியா இருக்கும்னு நான்தான் அந்த நாளைச் சொன்னேன். மேடத்துக்குத் தெரியாது. ஆபீசருக்கும் தெரியாது."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"பார்த்தியா, நாள் பார்த்து அடிச்சிருக்கான்!"

"சாமி கும்புடப் போன நேரத்துல வூட்ட அளந்திருக்கான்யா!"

அவர்கள் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் குத்தியது. அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் புள்ள படிச்சிக் கிழிச்சான்! வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கு முடிஞ்சிருக்கும். அத்தினி பேரு வயித்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டான்." அன்றைக்குப் பலே ஆளு என்றவளும் அவள்தான்.

தலைவர் பேனாவை மூடினார். டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "வேற வழி கிடையாதுங்க. கேட் அங்கதான் இருக்குது" என்று பொதுவாகச் சொன்னார்.

அப்போது அம்மா பேசினாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் புள்ளைய அப்புறம் திட்டிக்கலாம்டி" என்றாள் அத்தையிடம். "முதல்ல சொல்லு. நாம தினம் எந்தக் கேட்டு வழியா வேலைக்கு வர்றோம்?"

அத்தை விழித்தாள். "கேட்டா? நாம எங்க கேட்டுக்குப் போறோம்? கால்வாய்க் கரையில வந்து புல்லுக்குள்ள பூந்து வர்றோம்."

"அத டாக்டரம்மாவாண்ட சொல்லு."

நான் அந்த வழியைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனது அந்த வழியில்தான். பண்ணைக்குப் பின்னால் ஏரிக் கால்வாய்க் கரையில் ஊராட்சி ரோடு போகிறது. அங்கிருந்து கொட்டாய் வரைக்கும் பண்ணையின் தீவனப் புல் நிலம். நெசவுத் தெருவில் காலையில் நுழைய முடியாது, பாவில் புடவைத் தலைப்பு பட்டால் இழை அறும், திட்டு விழும் என்று இருபது வருஷமாக இந்தப் பெண்கள் அந்தப் புல்லுக்குள் ஒற்றையடிப் பாதை போட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து மாதம் வழியைத் தேடி அலைந்தவன் நான். அது என் கால் பழகிய வழி. ஆனால் சட்டை இன் பண்ணி ஸ்டாஃப் ஆனதிலிருந்து நான் முன் கேட்டில்தான் வந்துகொண்டிருந்தேன். வரைபடத்தில் கேட் இருந்தது. பாதை இல்லை. வரைபடத்தில் இல்லாதது எனக்கும் இல்லாமல் போயிருந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அந்தப் புல்லுப் பாத்தியிலயா?"

"ஆமாம்மா. கரை ரோட்டுல மணல் லாரியே போவுது. உங்க லாரி போவாதா?" என்றாள் அத்தை.

"போகும்" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பாத்தியில என்னோட மூணு வருஷ வேலை இருக்குதும்மா. எந்தப் புல்லு தண்ணி கம்மியா கேக்குதுன்னு தனித்தனியா நட்டு வெச்சிருக்கேன்."

"தெரியும்மா. நாங்கதானே நட்டோம்" என்றாள் அம்மா.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் முடிவு ஆனது என்று நினைக்கிறேன். பாத்தியை விட்டுக்கொடுப்பதாக அவர் சொன்னார். கேட்டைப் பின்பக்கம் மாற்றி, பண்ணை நிலத்திலிருந்தே சாலைக்கு இடம் விட்டு, அதை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று பேசினார்கள். நெசவுத் தெருவில் பண்ணை லாரி எந்த நேரத்திலும் வராது என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னாள் பாவுக்கார அக்கா. "எழுதுங்க. வாயில சொன்னா அடுத்த அமாவாசைக்குள்ள மறந்துடுவீங்க" என்றாள். தலைவர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். வேலை போனது என்று நினைத்தேன்.

"என்கிட்ட மறைச்சிட்டீங்க."

"ஆமா மேடம்."

"நாளைக்கு முதல் வேலையா தள ஆய்வுக்கு மறுபடி லெட்டர் அடிங்க. தேதி நான் சொல்றேன்." போகத் திரும்பியவர் நின்றார். "இல்ல. உங்க அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க தேதி."

அம்மா சொன்ன தேதி ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணி. நிறைந்த பாவு நாள்.

அதற்கு முன்னால் புது வரைபடம் வந்தது. வரைவாளர் கால்வாய்க் கரையிலிருந்து கொட்டாய்க்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடாகச் சாலை போட்டிருந்தார். பக்கத்தில் 'ஏற்கெனவே உள்ள நடைபாதை' என்று எழுதச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். இருபத்திரண்டு பேரும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தார்கள். எது கொட்டாய், எது தொட்டி, எது கால்வாய் என்று காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இரண்டு நிமிஷத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டாள். விரலால் கோட்டின் மேல் நடந்து வந்தவள் பாதியில் நின்றாள்.

"இது தப்பு. இப்படி நேரா வர முடியாது. இங்க தூர்ந்துபோன கிணறு இருக்குது. நாங்க வளைஞ்சிதான் வருவோம்."

"கிணறா? படத்துல இல்லியேம்மா."

"படத்துல இல்லன்னா லாரி உள்ள போயிடும். அப்ப படத்துல போட்டுக்குங்க."

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். புல்லை விலக்கினால் ஒரு வட்டம் லேசாக அமுங்கியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே மூடிய கிணறு. கோடு வளைந்தது. அனுமதிக்குப் போன வரைபடத்தில் அந்த வளைவு இருக்கிறது. ஒரு வரைவாளர் போட்ட கோட்டை எங்கள் அம்மா விரலால் திருத்தினாள். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை அதே ஆய்வாளர் வந்தார். பழக்கதோஷத்தில் ஜீப்பை நெசவுத் தெருவுக்கு ஓட்டி வந்துவிட்டார். கால்வாய்க் கரையில் காத்திருந்த நான் ஓடி வருவதற்குள் தெரு முனையில் ஜீப் நின்றது. உள்ளே அரக்கு நிறப் பாவு ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. காலை வெளிச்சம் பட்டு அது தெருவின் நடுவில் ஓடுகிற தண்ணீர் மாதிரி இருந்தது. இருபுறமும் ஆட்கள் குனிந்தபடி இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. பாவுக்கார அக்கா மட்டும் கஞ்சிக் கையை உயர்த்தி, "அந்தாண்ட சுத்திக்கினு போ சார்!" என்று கத்தினாள்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு இது எங்கபா இருந்தது?"

"இங்கதான் சார் இருக்கும். அன்னிக்கு நான்தான் உங்கள பாவு இல்லாத நாளுக்கு வரச் சொன்னேன்."

அவர் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். கால்வாய்க் கரையைச் சுற்றிப் போய் இறங்கியதும், "டேப்ப நீ பிடிக்காத" என்றார். அது எனக்குச் சேர வேண்டியதுதான். டேப்பின் முனையை அம்மா பிடித்தாள். இருபத்தியொரு பெண்கள் புல்லை மடக்கிப் பிடித்தார்கள். கிணற்று வளைவில் அவரே காலால் அழுத்திப் பார்த்து, "நல்லவேளை" என்று குறித்துக்கொண்டார். முப்பது அடி அகலம் விட்டும் இடம் மிச்சம் இருந்தது. இந்த முறையும் நெசவாளர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

வழி மாறியதால் பழைய அறிவிப்பு செல்லாது, புது அறிவிப்பு இரண்டு செய்தித்தாளிலும் மறுபடி கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒருமுறைக்குத்தான் நிதி இருந்தது. டாக்டரம்மா மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள்; என்ன பதில் எழுதுவது? மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. என் தப்பு, என் சம்பளத்தில் கட்டுகிறேன் என்றேன். என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது.

மறுநாள் அத்தை ஒரு சுருட்டிய பிளாஸ்டிக் பையை என் மேசையில் வைத்தாள். அவர்கள் இருபத்திரண்டு பேரின் ஒருநாள் கூலி.

"படிச்சிக் கிழிச்சான்னு சொன்னியே அத்தை" என்றேன்.

"இப்பவும் அதான் சொல்றேன். கிழிச்சதுக்குத்தான் துட்டு. எண்ணிக்கோ."

மிச்சத்தை நானும் டாக்டரம்மாவும் போட்டோம். நெசவுத் தெருவில் இந்தப் பேச்சு எட்டியபோது பாவுக்கார அக்கா கேட்டுக்கே வந்து சொன்னாள்: "நீ தப்பா அளந்ததுக்கு நாங்க காசு தர முடியாதுபா. அது உங்க வூட்டுக் கணக்கு." ஆனால் ஆட்சேபணை எதுவும் இல்லை என்று நாற்பது வீட்டுக் கையெழுத்தையும் ஒரு தாளில் வாங்கி, மடிக்காமல், அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

உத்தரவு மார்ச் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. இன்ன புல எண்கள் விவசாய உபயோகத்திலிருந்து நிறுவன உபயோகத்துக்கு மாற்றப்படுகின்றன. இணைப்பாக வரைபடம், அதில் வளைந்து வரும் ஒரு சாலை. டாக்டரம்மா உத்தரவை என்னிடம் கொடுத்து, கொட்டாயில் போய்ப் படித்துக் காட்டச் சொன்னார். பால் கறவை முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தேன். அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் 'ஏற்கெனவே உள்ள நடைபாதை' என்ற இடம் வந்ததும் அம்மா, "அது நாங்க" என்றாள் பக்கத்தில் இருந்த எருமையிடம்.

இப்போது பின்பக்கம் புது கேட் நிற்கிறது. ஆய்வகத்துக்கு அஸ்திவாரம் எழுந்துவிட்டது. காலையில் அம்மாவும் மற்றவர்களும் சாலையில்தான் வருகிறார்கள்; பிந்திக் கிளம்புகிற நானும் கிணற்று வளைவில் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். முன் கேட் வழியாக நான் வருவதில்லை. அங்கே அந்த நேரத்தில் பாவு இருக்கும்.

ஒரு அமாவாசைக் காலையில் நான் செய்த சாமர்த்தியத்துக்காக, அந்த இரண்டாவது அறிவிப்புக்கு எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆன செலவு, இரண்டு செய்தித்தாளுக்குமாக, இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.